இன்மை அறிக்கை

அரசு அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து உள்ளவர்களுக்கு ‘இன்மை அறிக்கை’ என்ற சொல் பழக்கமானது. மேலிடம் ஒரு விவரம் கேட்டால், தெரிவிக்க எதுவும் இல்லை என்பதற்காகப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. உரிய கலத்தில் ‘இன்மை’ என்று எழுதி, கல்லூரி முதல்வரின் கையொப்பம் பெற்று, முத்திரையிட்டு, குறித்த நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில், அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் 1990-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2025-இல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். பிற்காலத்தில் இரண்டு ஆண்டுகள் தேர்வுப் பிரிவுக்கு மாற்றப்பட்டதைத் தவிர, பணிக்காலம் முழுவதும் கல்வி உதவித்தொகைப் பிரிவில்தான் கழிந்தது. அந்தப் பிரிவிலிருந்து ஆண்டுதோறும் செல்லும் அறிக்கையில், பழங்குடியினர் என்ற கலத்துக்கு நேரே, முதல் 13 ஆண்டுகள் தொடர்ந்து ‘இன்மை’ என்று என் கையால் எழுதினேன். எழுதும்போது ஒருமுறைகூட எனக்குத் தயக்கம் தோன்றியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்காலர்ஷிப் பிரிவை எங்கள் அலுவலகத்தில் யாரும் விரும்பிக் கேட்டதில்லை. மேசையைச் சுற்றி எப்போதும் கூட்டம் நிற்கும். பணம் வராத மாதங்களில் மாணவர் கோபமும், கணக்கு முடிக்கும் மாதத்தில் தணிக்கைக்காரர் கேள்வியும் அங்கேதான் வந்து சேரும். புதிதாக வந்தவள், அதிலும் எதிர்த்துப் பேசத் தெரியாதவள் என்ற கணக்கில் அது என் தலையில் விழுந்தது. எனக்கு முன் அந்த மேசையில் இருந்த மூத்தவர் பொறுப்பை ஒப்படைத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “விண்ணப்பத்தை வாங்குறப்பவே தப்பைப் பாரும்மா. வாங்கி வெச்சுட்டுப் பாக்காத.” மாணவர் எதிரில் நிற்கும்போது பிழையைக் கண்டுபிடித்தால் அது ஒரு நிமிட வேலை, அவர் ஊருக்குப் போன பிறகு கண்டுபிடித்தால் அது ஒரு கடிதம், ஒரு வாரம், சில வேளைகளில் ஒரு வருடம். பிறகு படித்த எந்தச் சுற்றறிக்கையும் அந்த அளவுக்குப் பயன்பட்டதில்லை.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் இன மாணவர்க்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கியது. சுதந்திரத்துக்கு மூன்று ஆண்டு மூத்தது. பழங்குடியினருக்கும் பிறகு அது விரிவாக்கப்பட்டது. திட்டத்தின் பெயரும் நோக்கமும் பெரியவை என்றாலும், கல்லூரி அலுவலகத்தில் அது ஒரு காகிதக் கட்டாக மட்டுமே காட்சி தரும். புதியது, புதுப்பித்தல் என்று இரண்டு கட்டுகள். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சாதிச் சான்றின் நகல், வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ். இவற்றை வரிசைப்படுத்தி, டேக் போட்டுக் கட்டி, பட்டியலை மூன்று படிகளில் தட்டச்சு செய்து, மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்போது விழுப்புரம் தனி மாவட்டம் ஆகவில்லை. 1993 செப்டம்பரில் பிரியும் வரை தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் கடலூர். காலை ஆறு மணிப் பேருந்தில் இரண்டு பெரிய கட்டுகளோடு ஏறினால், நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். பிள்ளைகளின் படிப்புக் காகிதம் என்று சொல்லித் தப்பித்த நாளும் உண்டு. டிக்கெட் எடுத்த நாளும் உண்டு.

அந்தக் காலத்துப் பட்டுவாடா நாளைப் பற்றி இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கருவூலத்தில் பில் பாஸாகி, காசோலை மாறி, ரொக்கம் கல்லூரிக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச் ஆகியிருக்கும். வகுப்பறை ஒன்றில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ஒன்றில் காசாளரும் மற்றொன்றில், பணம் பெற்றதற்குக் கையெழுத்து வாங்கும் அக்விட்டன்ஸ் பதிவேட்டோடு நானும் உட்காருவோம். பெயர் கூப்பிட்டதும் மாணவர் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, ரெவின்யூ ஸ்டாம்ப்பின் மீது பாதியும் தாளின் மீது பாதியும் விழுமாறு கையெழுத்திட வேண்டும். ஸ்டாம்ப்புக்குள்ளேயே முழுப் பெயரையும் அடக்கிவிட முயன்று, இடம் போதாமல் விழிப்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்த்திருக்கிறேன். வெளியே வேப்பமரத்தடியில் தகப்பன்மார் சிலர் காத்திருப்பார்கள். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது உள்ளே இருக்கும் பெண்களுக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டு தமிழ் படித்த பெண் ஒருத்தி, வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை எண்ணி எடுத்து, நான்காக மடித்து, ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்து மூடினாள். “எங்கப்பா வந்து எவ்ளோன்னு கேட்டா முந்நூறு கம்மியா சொல்லுங்க மேடம். எக்ஸாம் ஃபீஸ் கட்டணும்” என்றாள். அவர் வந்து கேட்டார். முந்நூறு குறைத்துச் சொன்னேன். அரசுப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பொய் சொன்னது அதுவே முதல் முறை; அதற்காக நான் வருந்தியதில்லை.

அன்று ஒன்று பிடிபட்டது. உதவித்தொகையின் அளவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது வந்து சேரும் மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கட்டணம் ஜூனில், தேர்வுக் கட்டணம் அதற்குரிய தேதியில், பணமோ மார்ச்சில். இடைப்பட்ட எட்டு மாதங்களில் தோடும் கொலுசும் அடகுக் கடைக்குப் போகின்றன. மார்ச்சில் வரும் பணம் அவற்றை மீட்கவே போதாது. ஆசிரியர்களிலும் அலுவலர்களிலும் சம்மதித்தவர்களிடம் மாதம் இருபது ரூபாய் வாங்கி ஒரு சிறு நிதியைத் தொடங்கினோம். தேர்வுக் கட்டணத்தை அதிலிருந்து கட்டிவிட்டு, பட்டுவாடா நாளில் திரும்பப் பெற்றுக்கொள்வோம். திரும்பி வராத பணம் மிகக் குறைவு. ‘உனக்கு எதற்கு இந்த வட்டிக்கடை’ என்று கேட்ட சக ஊழியர் ஒருவர், தம் ஊர்ப் பையனுக்காக அதே நிதியைக் கேட்டு வந்தபோது, நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் மெதுவாக எண்ணிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். 1997-இல் புதுப்பித்தல் பட்டியலைத் தட்டச்சு செய்தபோது ஒரு பெயர் விடுபட்டது. முதல் தாளின் கடைசி வரிக்கும் அடுத்த தாளின் முதல் வரிக்கும் நடுவில், ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இரண்டு மாணவியர் இருந்தனர். ஒருத்தியை இரண்டாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்து ஒன்றை விட்டுவிட்டேன். விடுபட்டது தெரிந்தபோது மாவட்ட அலுவலகம் பட்டியலை முடித்துவிட்டது. கூடுதல் பட்டியல் அனுப்பினோம். அதற்கு ஒதுக்கீடு வர அடுத்த நிதியாண்டு ஆகும் என்றார்கள். வேதியியல் மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்க வேண்டிய அந்தப் பெண், திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்ற செய்தி பின்னர் அவள் ஊர்க்காரப் பிள்ளைகள் மூலம் வந்தது. பணம் வந்தபோது வாங்க ஆள் இல்லாமல் அரசுக் கணக்குக்கே திரும்பச் செலுத்தினோம். அந்தச் செலுத்துச் சீட்டையும் நான்தான் எழுதினேன். அதற்குப் பிறகு எந்தப் பட்டியலும், ஒருவர் உரக்கப் படிக்க மற்றொருவர் விண்ணப்பத்தோடு ஒப்புநோக்காமல் என் மேசையை விட்டுப் போனதில்லை. அலுவலக உதவியாளர் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அவர் படித்தால் ஒரு பெயரும் தப்பாது, ஏனெனில் அவர் எதையும் ஊகித்துப் படிக்கமாட்டார்.

மேசைக்கு வருகிறவர்களைத் தவறவிடக் கூடாது என்பதில் இவ்வளவு கவனமாக இருந்த எனக்கு, மேசைக்கே வராதவர்களைப் பற்றிய எண்ணம் 2002 வரை வரவில்லை. அந்த ஜூன் மாதத்தில் விண்ணப்பம் கொடுக்க வந்த ஒரு மாணவி, பேச்சுவாக்கில், தங்கள் ஊர் ஏரிக்கரையில் இருளர் என்னும் பழங்குடிக் குடும்பங்கள் இருப்பதாகவும், அதில் ஒரு பெண் பிளஸ் டூவில் தன்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தும் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போவதாகவும் சொன்னாள். ‘ஏன் சேரவில்லை’ என்று கேட்டதற்கு, ‘அவங்களுக்கெல்லாம் சர்டிஃபிகேட் குடுக்க மாட்டாங்க மேடம்’ என்றாள், மழை பெய்தால் நனையும் என்பதைப் போல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் டிவிஎஸ் 50-இல் பின்னால் உட்கார்ந்து அந்த ஏரிக்கரைக்குப் போனேன். ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலுக்கு அப்பால், ஊருக்கும் காலனிக்கும் சம்பந்தமில்லாத ஒரு மேட்டில், பதினோரு குடிசைகள் இருந்தன. பட்டா கிடையாது; மின்சாரம் கிடையாது; குடும்ப அட்டை இரண்டு வீடுகளுக்கு மட்டும் இருந்தது. தை பிறந்தால் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்விடுவார்கள் என்றும், மழை தொடங்கும் காலத்தில் திரும்பி வருவார்கள் என்றும் ஒரு பெரியவர் சொன்னார். அந்த மாதங்களில்தான் பள்ளிகளில் முழுஆண்டுத் தேர்வு நடக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் ஆறாம் வகுப்பு முதல் விடுதியில் தங்கிப் படித்ததால் சூளைக்குப் போகாமல் தப்பித்திருக்கிறாள். மதிப்பெண் பட்டியலைக் காட்டச் சொன்னேன். கூரையின் குறுக்குக் கழியிலிருந்து தொங்கிய உரச்சாக்குப் பையை அவளுடைய அம்மா இறக்கினார். உள்ளே இன்னொரு பாலிதீன் பை, அதற்குள் செய்தித்தாள், அதற்குள் பட்டியல். எலிக்கும் மழைக்கும் எட்டாத ஒரே இடம் அதுதான். 1200-க்கு 871 மதிப்பெண்கள். மாற்றுச் சான்றிதழில் ‘இந்து, இருளர்’ என்று தலைமையாசிரியர் தெளிவாக எழுதியிருந்தார்.

அது போதாது என்பதை அடுத்த பன்னிரண்டு மாதங்கள் எனக்குக் கற்பித்தன. தமிழ்நாட்டில் பட்டியல் இனத்தவர்க்கு வட்டாட்சியர் சாதிச் சான்று தருகிறார்; பழங்குடியினருக்கு மட்டும் 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர்தான் தர முடியும். முன்பு வட்டாட்சியர் அளவில் பொய்ச் சான்றுகள் பெருகியதால் அதிகாரம் மேலே போயிற்று என்பது அலுவலகங்களில் சொல்லப்படும் காரணம். அது அடிப்படையற்றது என்று நான் சொல்லமாட்டேன்; பழங்குடியினர் அல்லாதவர்கள் அந்தப் பெயரில் இடங்களைப் பறித்த வழக்குகள் நாடெங்கும் உண்டு, 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றுகளைச் சரிபார்க்கக் குழுக்கள் அமைக்கச் சொன்னதும் அதனால்தான். ஆனால் பொய்யனைத் தடுக்க எழுப்பிய சுவர், பேருந்துக் கட்டணம் இல்லாதவனைத்தான் முதலில் தடுத்தது. பொய்யன் வழக்கறிஞரோடு வருவான். ஏரிக்கரையிலிருந்து வருகிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, அதிகாரி முகாமுக்குப் போயிருக்கிறார் என்று கேட்டுத் திரும்புவார்.

தகப்பனுக்குச் சான்று இருந்தால் பிள்ளைக்குக் கிடைப்பது எளிது. யாருக்குமே இல்லாத குடும்பத்தில் முதல் சான்றுதான் மலை. கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, வருவாய் ஆய்வாளர் அறிக்கை, வட்டாட்சியரின் பரிந்துரை, பிறகு கோட்டாட்சியரின் நேரடி விசாரணை. விசாரணை நாளில் நானும் உடன் போயிருந்தேன். எந்தச் சாமி கும்பிடுவீர்கள் என்று கேட்டார்கள். கன்னியம்மாவை என்றார் பெரியவர். மாசி மகத்துக்கு எங்கே போவீர்கள் என்றார்கள். மாமல்லபுரம் கடற்கரைக்கு, கூட்டத்தோடு போவோம் என்றார். அதுவரை விசாரணை சரியாகத்தான் இருந்தது. பிறகு அங்கே இருந்த ஒருவர், சிரித்துக்கொண்டே, “பாம்பு பிடிப்பீங்களா? இந்தப் பொண்ணு பிடிக்குமா?” என்று கேட்டார். கையில் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண், தலையைக் குனியாமல், “எனக்குத் தெரியாதுங்க சார். நான் ஆஸ்டல்ல படிச்சேன்” என்றாள். படித்ததாலேயே பழங்குடி அல்ல என்று ஆகிவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறியது. வெளியே வந்த பிறகு பெரியவர் என்னிடம் கேட்டார்: “புடிக்கிறோம்னு சொன்னா ஃபாரஸ்ட்காரன் கேஸ் போடுறான். புடிக்கலன்னு சொன்னா இவங்க சாதி இல்லங்கறாங்க. நாங்க என்னதாம்மா சொல்றது?” 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுடைய தொழிலை எடுத்துக்கொண்ட பிறகும், சாதிச் சான்றுக்கு அதே தொழிலைக் கேட்கும் விந்தையை அவரைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் எனக்கு வழிகாட்டியது திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் அனுபவம். மனுவை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுப்பது, கொடுத்த மனுவுக்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குவது, ஒரு குடும்பத்துக்காகத் தனியாகப் போகாமல் அந்தக் குடியிருப்பின் எல்லாக் குடும்பங்களின் மனுக்களையும் சேர்த்தே கொண்டுபோவது ஆகியவற்றை அவர்கள் செய்ததைப் பார்த்துத்தான் கற்றேன். அலுவலகத்துக்கு உள்ளே இருந்து வந்த எனக்கு ஒரு வசதி இருந்தது: ஒரு கோப்பு எந்த மேசையில் தூங்கும், எந்த வாக்கியம் இல்லாவிட்டால் திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு ஈட்டிய விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அரசு உதவியில் சம்பளம் வாங்குகிறவள் மனுதாரர்களோடு வரிசையில் நிற்கலாமா என்று கல்லூரியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. விடுப்பு நாளில் குடிமகள் என்ற முறையில் போனேன் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதற்கு மேல் அது வளரவில்லை.

2003 ஜூனில் பதினோரு குடும்பங்களில் ஏழு பேருக்குச் சான்று வந்தது. அந்தப் பெண் வரலாறு முதலாண்டில் சேர்ந்தாள். அந்த ஆண்டு அறிக்கையில், பழங்குடியினர் என்ற கலத்துக்கு நேரே ‘1’ என்று எழுதினேன். மாவட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, தட்டச்சுப் பிழையா என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் திட்டங்கள் பெருகின. 2010-11 முதல், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை உயர்கல்வித் திட்டமாக மாற்றியது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம், ஏனெனில் அந்த அம்மையார் பெயர் தாலித் தங்கத்தோடு சேர்ந்திருந்தது எப்போதும் எனக்கு நெருடலாக இருந்தது. கலைக் கல்லூரிக்கு வீட்டிலிருந்து வந்து போகும் பட்டியல் இன மாணவிக்கு மத்திய உதவித்தொகையின் பராமரிப்புப் படி ஆண்டுக்கு 3,000 ரூபாய்தான் என்பதை வைத்துப் பார்த்தால், மாதம் ஆயிரம் என்பதன் எடை புரியும். ஒவ்வொரு மாதமும் வருகிறது என்பது அதைவிடப் பெரிது.

பணம் நேராக மாணவர் கணக்குக்குப் போகத் தொடங்கியபோது வேப்பமரத்தடியில் காத்திருந்தவர்கள் காணாமல் போனார்கள். அதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் சிக்கல் மேசையிலிருந்து வங்கிக் கணினிக்கு இடம் மாறியது. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணுக்குப் போகும் என்றுதான் பிள்ளைகள் நம்பியிருப்பார்கள். சிம் கார்டு வாங்கிய கடையில் கைரேகை வைத்தபோது தனக்கே தெரியாமல் ஒரு கணக்கு திறக்கப்பட்டு, உதவித்தொகை இரண்டு ஆண்டுகள் அங்கே போய் உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்த மாணவர் ஒருவர் என் எதிரில் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றார். ஆதாரில் ‘எம். கலா’, பாஸ்புக்கில் ‘கலா எம்’, மதிப்பெண் பட்டியலில் ‘கலாவதி’ என்று மூன்று பேராக இருக்கும் ஒருத்தியை ஒருத்தியாக்குவதற்குள் அவளுடைய முதலாண்டு முடிந்துவிடும். 2020 டிசம்பரில் பட்டியல் இன உதவித்தொகையில் மத்திய, மாநிலப் பங்கு 60:40 என்று வரையறுக்கப்பட்டதும், மாநிலப் பங்கு ஒரு மாதமும் மத்தியப் பங்கு வேறொரு மாதமுமாக வர, ‘மீதி எப்போ மேடம்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதே ஒரு தனிப் பணியாயிற்று.

கல்விக் கடனுக்காகப் பெற்றோரோடு வங்கிக்குப் போன அனுபவம் தனிப் பதிவாக எழுத வேண்டியது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான்கு லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை என்பது வங்கிகள் பல ஆண்டுகளாகப் பின்பற்ற வேண்டிய மாதிரித் திட்டத்திலேயே உள்ளது. ஆனாலும் ‘நிலப் பத்திரம் இருக்கா’ என்ற கேள்வியோடுதான் பேச்சு தொடங்கும். வாதாடிப் பயனில்லை என்பதை விரைவில் கண்டுகொண்டேன். “நிராகரிப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்” என்று பணிவாகக் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும். பத்தில் ஏழு முறை, ‘ஃபார்மைக் கொடுத்துட்டுப் போங்கம்மா, பாக்கலாம்’ என்ற பதில் வரும். மற்ற மூன்றில் எழுத்தும் வராது, கடனும் வராது. அடுத்த கிளைக்குப் போக வேண்டும்.

சட்டமே தடுக்கும் இடங்களும் உண்டு. பட்டியல் இனக் குடும்பம் கிறித்தவத்தைத் தழுவியிருந்தால், பட்டியல் இனத்தவர் யார் என்று வரையறுக்கும் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தப் பிள்ளை மத்தியத் திட்டத்துக்குத் தகுதி இழக்கிறது. தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து அவர்களுக்கும் தருவதால்தான் எங்கள் கல்லூரியில் பலர் படிப்பை முடித்தார்கள். ஒரே தெருவில், ஒரே கூலி வாங்கும் இரண்டு வீட்டுப் பெண்களுக்கு வேறுவேறு நிறப் படிவம் எதற்கு என்று கேட்டால், என்னால் விதி எண்ணைச் சொல்ல முடிந்தது, காரணத்தைச் சொல்ல முடிந்ததில்லை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியபோது நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். மறுவாரமே, பழைய மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றை மாற்றும் மனுக்களை எழுத உட்கார்ந்தேன்.

இனி, ஓய்வுபெறும் ஆண்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எனக்குப் பின் வந்த இளைஞர் திறமைசாலி. என்னிடம் ஒரு நாள் ஆன அறிக்கை அவரிடம் ஐந்து நிமிடத்தில் கணினியிலிருந்து இறங்கிவிடும். அப்படி இறக்கிய ஓர் அறிக்கையை ஒப்புநோக்க வாங்கிப் பார்த்தபோது, ஒரு பாடப்பிரிவில் பழங்குடியினர் என்ற வரியே இல்லை. கேட்டேன். விண்ணப்பம் இருக்கும் பிரிவுகளை மட்டும்தான் கணினி அச்சிடும், இல்லாததற்கு வரி எதற்கு என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நான் 13 ஆண்டுகள் யோசிக்காமல் எழுதிய அந்தச் சொல்லுக்காவது ஒரு கட்டம் இருந்தது. யாராவது என்றாவது ஒருநாள் அதைப் பார்த்து ஏன் என்று கேட்டிருக்க முடியும். வரியே இல்லாத தாளைப் பார்த்து யார் கேட்பார்கள்? அந்தப் பிரிவுக்கு ஒரு வரியைக் கையால் போட்டு, ‘இன்மை’ என்று எழுதி, சுருக்கொப்பமிட்டேன். அவர் சிரித்தார், ஆனால் அழிக்கவில்லை.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்கு முன், குடும்பங்கள் சூளைக்குக் கிளம்பும் முன்பாக, சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறேன். 2003-இல் வரலாறு சேர்ந்த அந்தப் பெண், இன்று அரசுப் பள்ளி ஆசிரியை, விடுமுறை நாள்களில் உடன் வருகிறாள். அவள் கேட்டால் வருகிற பதில் நான் கேட்டால் வருவதில்லை. இந்த ஆண்டு நோட்டில் 14 பெயர்கள் உள்ளன. ஒன்பது பேரிடம் சான்று இருக்கிறது. நான்கு பேரின் மனு கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. மீதமுள்ள பையனின் ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக உள்ளது. அதைத் திருத்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, டோக்கன் கொடுக்கும் முன்பே, சேவை மைய வாசலில் நிற்க வேண்டும். அவனுடைய அம்மா சூளை மேஸ்திரியிடம் ஒருநாள் கேட்டு வாங்கியிருக்கிறார்.